முதலில் யார் பேசுவது

பள்ளிக்கூடத்தில் மொழிபெயர்க்கும் வேலை மிகவும் சுலபமானது: ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் நம்மைக் கோபமாகப் பார்க்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் பதினொரு வருடமாக இந்தச் சுவரைப் பார்க்கும் வேலையைச் செய்துவருகிறேன். ஆரம்பப் பள்ளிகளில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியரும் சந்திக்கும்போது நடுவில் ஒரு கதிரை போடுவார்கள், அதில் இருப்பவள் நான். நகரசபைக் கடிதங்களில் எனக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. நம்முடைய ஆட்கள் சுருக்கமாக ‘கதைச்சுக் குடுக்கிற வாணி’ என்பார்கள்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இந்தத் தொழிலைப் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை. பத்து வயதில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், அம்மாவின் வயிற்று வலியை ஜெர்மன் மொழியில் விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து வீட்டுப்பாடம் செய்தவர்கள்தானே நீங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு முறையாகப் பயின்று, பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம். சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டு வாசலில் சப்பாத்துத் தட்டுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட நான் பிழையாக மொழிபெயர்த்ததில்லை என்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் இந்தக் கதைகள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பட்டிஸ் பெட்டி

சிவநேசன் அண்ணை ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். அவருடைய மனைவி ரஞ்சி அக்கா காலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்கிறார். ஏழு வருடத்துக்கு முன் அவர்களுடைய மூத்த மகள் கீர்த்தனா நாலாம் வகுப்பில் இருந்தாள். இளையவள் மது அப்போது மூன்று வயதுக் குழந்தை, அம்மாவின் மடியில் இருந்துகொண்டு என் பேனையைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பாசிரியை ஃபிராவ் கெஸ்லருடன் சந்திப்பு. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நிமிடம். உட்கார்ந்தவுடன் ரஞ்சி அக்கா பையிலிருந்து ஒரு மார்ஜரீன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வெள்ளித்தாளில் சுற்றிய பட்டிஸ், மாவுக்குள் கறியை வைத்து விடிய எழும்பிப் பொரித்தவை. ஃபிராவ் கெஸ்லர் இரண்டு கைகளையும் மேசையிலிருந்து பின்னுக்கு எடுத்துக்கொண்டார். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய ஆலோசனை சொல்லும் நேரத்தில் பெற்றோரிடம் எந்தப் பரிசும் வாங்கக்கூடாது என்பது விதி, தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம் என்றார். நேர்மையான மனுசி, விதியைச் சொன்னார். நானும் நேர்மையான மனுசி, அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

ரஞ்சி அக்கா மூடியைத் திரும்பப் போட்டார். லஞ்சம் கொடுக்க வந்தவர் இல்லை அவர். ஒரு வீட்டுக்கோ ஓர் ஆளிடமோ போனால், முதலில் தின்ன எதையாவது வைத்துவிட்டுத்தான் அவருக்குப் பேச்சே வரும். பெட்டியை மடியில் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்ப வாணி, என்னத்தை வைச்சுக் கதையைத் தொடங்குறது?”

ரீச்சருக்கு முன்னால்

கதையை ஃபிராவ் கெஸ்லர் தொடங்கினார். இந்த மாநிலத்தில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளின் பாதை பிரிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகத்துக்கு நேர் வழி. ஹவுப்ட்சூல போனால் பத்தாம் வகுப்போடு ஒரு தொழில் பழகப் போவது. ஆசிரியர் சொல்வது ஆலோசனை மட்டும்தான், கடைசியில் எந்தப் பள்ளி என்று தீர்மானிப்பது பெற்றோர். இதையும் ஃபிராவ் கெஸ்லர் சொன்னார், நானும் சொன்னேன்.

கீர்த்தனா எழுத்தில் நல்ல பிள்ளை, ஆனால் வகுப்பில் கை உயர்த்துவதே இல்லை, வாய் திறப்பதே இல்லை, வாய்ப் பங்களிப்புக்குத் தனிப் புள்ளி உண்டு, ஆகவே தன்னுடைய ஆலோசனை ஹவுப்ட்சூல என்றார். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். கேட்காமல் பேசுவது மரியாதையில்லை என்று நாங்கள் பழக்கிய பிள்ளைக்கு இங்கே பேசாததற்காகப் புள்ளி குறைகிறது என்பது என் தலைக்குள் ஓடியது. ஆனால் என் தலைக்குள் ஓடுவதை மொழிபெயர்க்க எனக்கு அனுமதி இல்லை. சிவநேசன் அண்ணை தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “ரீச்சர் சொன்னாச் சரி” என்றார். நானும் ஜெர்மன் மொழியில் “ஆசிரியை சொன்னால் சரி” என்றேன். ஃபிராவ் கெஸ்லர் தாளில் எழுதினார்: பெற்றோர் சம்மதம்.

அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும். படிப்பித்தவரை எதிர்த்துப் பேசாத மனுசனின் மரியாதை அது. தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தேன். படியிறங்கும்போது அவர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். கிம்னாசியம் கிடைக்கும் என்று நினைத்துத்தான் வந்ததாகச் சொன்னார். அப்படியானால் மேலே ஏன் சொல்லவில்லை, அவர் உங்களைக் கேட்டாரே என்றேன். என்னை வினோதமாகப் பார்த்தார். “ரீச்சர் தன்ரை முடிவைச் சொன்னாப் பிறகோ?”

காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் கலாசாரம்

போன வருடம் அந்தப் பள்ளிக்கு ஹெர் பிராண்ட் என்று புதுத் தலைமை ஆசிரியர் வந்தார். மழையோ வெயிலோ சைக்கிளில் வருவார், ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டே எல்லா அறைக்குள்ளும் போவார். பிள்ளைகளின் பின்னணியை மதிக்கும் பள்ளியாக இதை மாற்ற வேண்டும் என்று அவருக்கு உண்மையான ஆசை. தமிழ்க் கலாசாரத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார். ஒரு பக்கம் போதாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கீர்த்தனாவின் நினைவு. அன்று சொல்லாமல் விட்டதை எல்லாம் எழுதித் தீர்த்துவிடலாம் என்று ஒரே மூச்சில் ஏழு குறிப்புகள் எழுதினேன். மூன்றாவது குறிப்பு: தமிழ்ப் பெற்றோர் ஆசிரியரை மறுத்துப் பேச மாட்டார்கள். ஹெர் பிராண்ட் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆசிரியர் அறையில் காப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த மாதம் ஐஸ்வர்யா வந்தார். சென்னைக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை, மகள் இரண்டாம் வகுப்பில், அந்த வகுப்புக்குக் கணக்குப் படிப்பிப்பவரும் ஃபிராவ் கெஸ்லர்தான். ஐஸ்வர்யாவின் ஜெர்மன் தாராளமாகப் போதும், என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று இருவருக்கும் விளங்கவில்லை. ஃபிராவ் கெஸ்லர் ஆசிரியர் அறையிலேயே அவரை இருத்தி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, என்னை மறுத்துப் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். காப்பி மெஷின் பக்கமே பார்க்காமல் இருக்க நான் மிகவும் முயற்சி செய்தேன். ஐஸ்வர்யா மடிக்கணினியைத் திறந்து, அதில் இருந்த பட்டியலைக் காட்டி, என் பக்கம் திரும்பினார். “மேடம், எங்கிட்ட மொத்தம் பதினாலு கொஸ்டின் இருக்கு. நான் ஆர்க்யூ பண்ண மாட்டேன்னு இவங்ககிட்ட யாருங்க சொன்னது?”

மச்சாளின் பள்ளிக்கூடம்

என் கணவரின் அக்கா அவுஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றில் அரசாங்கப் பள்ளி உதவியாளர். ஞாயிறு காலைகளில் தொலைபேசியில் பேசுவோம், அவருக்கு அது மாலை. ஐஸ்வர்யாவின் கதையைச் சொன்னதும் மச்சாள் வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு தங்கள் பள்ளியில் நடந்ததைச் சொன்னார். அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். அவர்களுக்காகப் பள்ளி ஒரு திட்டம் தயாரித்து, கேக்கும் தேநீரும் வைத்து, அந்தக் குடும்பங்களை ஆலோசனைக்கு அழைத்திருக்கிறது. வந்தவர்களில் ஒரு தாய் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது முடிந்துவிட்டதா, இன்னும் முடியவில்லையா என்று கேட்டாராம். முடிந்துவிட்டது என்றால் எங்களை ஏன் கூப்பிட்டீர்கள், முடியவில்லை என்றால் ஏன் கலரில் அச்சடித்தீர்கள். அதற்குப் பிறகு அங்கே முதலில் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், அப்புறம்தான் எழுதுகிறார்கள்.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், பள்ளிக்கூடம் என்ற சொல்லிலேயே அவர்களுக்குக் கசப்பான பழைய கதைகள் உண்டு. நாங்கள் அகதி விண்ணப்பத்தோடு வந்து கதவைத் தட்டியவர்கள். அவர்களுடைய நியாயத்தை நாங்கள் எப்படிக் கடன் வாங்குவது என்று கேட்டேன். மச்சாள் இந்த முறை சிரிக்காமல் சொன்னார்: “அது வேறை இது வேறைதான் வாணி. நானும் இஞ்சை அவையின்ரை நிலத்திலை வந்திருக்கிற ஆள்தான், அதை நான் மறக்கேல்லை. ஆனா ஒராளின்ரை பிள்ளையைப் பற்றி முடிவெடுக்க முதல் அந்த ஆளைக் கேக்கிறதுக்கு என்ன சரித்திரம் வேணும்?”

ஹெல்மெட்டுக்குள் போன திட்டம்

நான் போய் ஹெர் பிராண்டிடம் என் தாளைக் கழற்றச் சொன்னேன். அவர் உடனே கழற்றினார். அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெற்றோரையே ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அழைத்தார். ஒன்பது குடும்பம் வந்தது, ஆசிரியர்கள் பக்கத்தில் ஃபிராவ் கெஸ்லரும் இருந்தார். சிவநேசன் அண்ணையும் வந்திருந்தார். ஏனென்றால் மடியில் இருந்த மது இப்போது நாலாம் வகுப்பு, வகுப்பாசிரியை அதே ஃபிராவ் கெஸ்லர். அக்காவைப் போலவே மதுவும் வகுப்பில் கை உயர்த்துவதில்லை என்று முதல் தவணையிலேயே வீட்டுக்குக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு முறை அந்தப் படிகளில் நின்று நின்று இறங்க வேண்டுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் அதே பயம்தான்.

ஹெர் பிராண்ட் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொங்கல் விழா, தமிழ்ச் சாப்பாட்டு நாள், வாசல் கதவில் தமிழில் வணக்கம். கலரில் அச்சடித்திருந்தார். நான் என் தொழில் விதியை ஒரு நிமிடம் சப்பாத்துத் தட்டுக்கு மேலேயே விட்டுவிட்டு, மச்சாள் சொன்ன அந்தத் தாயின் கேள்வியை ஜெர்மன் மொழியில் கேட்டேன். மனுசனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் நல்ல மனுசன். ஒவ்வொரு தாளாகத் திரும்ப வாங்கி, அடுக்கி, மடித்து, ஹெல்மெட்டுக்குள் வைத்துவிட்டு, சரி, நீங்கள் சொல்லுங்கள் என்று உட்கார்ந்தார்.

ஒன்பது குடும்பமும் என்னைப் பார்த்தது. எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது என் பிள்ளைகளின் பள்ளி இல்லை, ஏழு குறிப்பு எழுதிப் பட்ட பாடு போதும். நல்ல நேரம் கழித்துச் சிவநேசன் அண்ணை எழுந்து நின்றார், வகுப்பில் மாணவன் நிற்பதுபோல. ஃபிராவ் கெஸ்லரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். “ரீச்சர் முதல் தன்ரை முடிவைச் சொல்லிப்போட்டா, பிறகு நாங்கள் வாய் திறக்கிறது அவவை மறிச்சுக் கதைக்கிற மாதிரி. அது எங்களுக்கு ஏலாது. முதல் எங்களைக் கதைக்க விடுங்கோ. பிறகு ரீச்சர் என்ன சொன்னாலும் இருந்து கேக்கிறம்.”

ஏழு நிமிடம்

ஃபிராவ் கெஸ்லருக்கு இது பிடிக்கவில்லை. இருபத்தாறு குடும்பம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நான் எதையும் சொல்லாமல் எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முயன்று பார்ப்போம் என்றார் ஹெர் பிராண்ட். ஒரு சின்ன மாற்றம்தானே என்று நானும் நினைத்தேன். படித்தவர்களும் படிப்பித்தவர்களும் நாற்பது வருடமாகப் பழகிய ஒழுங்கை மாற்றுவது சின்ன வேலை இல்லை என்று மதுவின் சந்திப்பில்தான் எனக்கு விளங்கியது.

ரஞ்சி அக்கா பட்டிஸ் பெட்டியோடு வந்திருந்தார். மேசையில் வைத்து, திறந்து, முதலில் தானே ஒன்றை எடுத்தார், எனக்கு ஒன்று தந்தார். ஃபிராவ் கெஸ்லர், எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் அது பரிசு ஆகாது, தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லி ஒன்றை எடுத்தார். இப்படி ஓர் ஆள் விதியைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு அவர்மேல் பாசமே வந்துவிட்டது. மது வீட்டில் எப்படி என்று கேட்டுவிட்டு, பேனையைக் கீழே வைத்தார். அவர் உதடுகளை இறுக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் பேசவில்லை.

முதலில் ரஞ்சி அக்காதான் தொடங்கினார். கீழ் வீட்டு அக்காவுக்கு அலுவலகங்களிலிருந்து வரும் கடிதத்தை எல்லாம் மதுதான் வாசித்துச் சொல்கிறாள், அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் வந்தால் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று வாதாடுகிறாள். பிறகு சிவநேசன் அண்ணைக்கு வாய் திறந்தது. எண்பது பேருக்கான சூப்பின் அளவை அறுபத்தைந்து பேருக்குக் குறைக்க வேண்டும் என்றால், தான் கல்குலேட்டரை எடுக்குமுன் மது மனதாலேயே சொல்லிவிடுவாள் என்றார். உப்பு எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று உதாரணமும் சொன்னார். கடைசியில், மேசையைப் பார்த்தபடியே, அவளைக் கிம்னாசியத்துக்கு விடத்தான் தனக்கு விருப்பம் என்றார். ஏழு வருடத்துக்கு முன் மேலே சொல்லாமல் கீழே படியில் சொன்ன அதே சொல். ஏழு நிமிடம் பேசியிருந்தார்கள்.

ஃபிராவ் கெஸ்லர் கோப்பைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு தாளை எடுத்து, எங்களுக்குக் காட்டாமல் கவிழ்த்து வைத்தார். அதன் மேல் பட்டிஸ் துகள் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. இந்தப் பிள்ளை பேசுவாள் என்றே தனக்குத் தெரியாது, கை உயர்த்தும்வரை காத்திராமல் இனித் தானே அவளைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு மூன்று கிழமை தாருங்கள் என்றார். பிறகு ஜெர்மன் மொழியில் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: “இந்தத் தாளை நேற்றே எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக எழுதிவிட்டுத்தான் பெற்றோரைக் கேட்டிருக்கிறேன்.”

சைக்கிள் நிறுத்துமிடம்

ஜனவரி கடைசியில் மதுவின் அறிக்கை வந்தது. கிம்னாசியம், வாய்ப் பங்களிப்பு கூட வேண்டும் என்ற ஒரு குறிப்போடு. அதை வாங்கும் நாளில் என்னை யாரும் அழைக்கவில்லை, ஆனாலும் பள்ளிக்குப் போனேன். சிவநேசன் அண்ணை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். எங்கேயும் நிற்கவில்லை. வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் கீர்த்தனா காத்திருந்தாள். பதினாறு வயது. ஹவுப்ட்சூல முடித்து, பல் வைத்தியர் ஒருவரிடம் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. வேலையிலிருந்து நேரே வந்ததால் காலில் வெள்ளைச் சப்பாத்து. தங்கச்சியின் தாளை வாசித்துவிட்டு அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அதில் பொறாமை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் முன்னால் நடக்க, நானும் அவளும் ரயிலடியை நோக்கிப் பின்னால் நடந்தோம். ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். உன் அப்பா ‘ரீச்சர் சொன்னாச் சரி’ என்றபோது அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும் என்பது விதி, ஆகவே அப்படியே சொன்னேன் என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. தன் வேலை தனக்குப் பிடிக்கும் என்றாள். பயந்து வரும் ஆட்களிடம் வாயைத் திற என்று சொல்லுமுன் எங்கே நோகிறது என்று கேட்கிற ஆள் அங்கே தான்தான் என்றாள். என்னைத் தேற்றுவதற்காக இல்லை, உண்மையாகவே சொன்னாள். பிறகு ரயில் வரும் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே கேட்டாள்: “அன்ரி, நீங்கள் எவ்வளவு சொல்லுச் சரியாச் சொல்லுறீங்கள். அண்டைக்கு அந்த ஒண்டை மட்டும் பிழையாச் சொல்லியிருக்கலாமே?”

பதினொரு வருடத்தில் ஒரு சொல்லும் பிழைக்காத என்னுடைய சான்றிதழ் இன்னும் சப்பாத்துத் தட்டுக்கு மேலேதான் தொங்குகிறது, சப்பாத்துப் போடக் குனியும்போது அதைப் பார்க்காமல் இருக்க மட்டும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.